உப்பனாத்து சேறு ஏன் கருப்பு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடல் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு ஒரு வரி போட்டிருந்தோம். வஞ்சிரம் விலை, புயல், சுனாமி மறுபடி வருமான்னுதான் கேப்பீங்கன்னு நெனச்சேன், பாத்தா கடலூர்லேந்தும் பாண்டிலேந்தும் வந்த கடுதாசி வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல சேறு, சேறு, சேறுதான். எனக்கு அதுல வருத்தமே இல்ல. கடல் தரையைப் பத்தி பேச யாருமே கூப்புடறதில்ல, நீங்க கூப்பிட்டிருக்கீங்க, அதனால இந்த வாட்டி முழுக்க அதான்.

கடலூர் முதுநகர் வாசகி: அண்ணா, எங்க வீட்டுக்குப் பின்னாடியே உப்பனாறு. தண்ணி வத்துற நேரத்துல சேத்துல கால் வச்சா அழுகின முட்டை நாத்தம் தூக்குது. மேல பழுப்பா இருக்கு, உள்ள கன்னங்கரேல்னு இருக்கு. இது எல்லாமே கம்பெனி கழிவுதானே?

இல்லம்மா. கம்பெனியே இல்லாத பிச்சாவரம் காட்டுக்குள்ள போயி சேத்துல கைய விட்டாலும் இதே கருப்பு, இதே நாத்தம்தான். விஷயம் என்னன்னா சேத்துல விழுற இலை தழை, செத்த பாசி, மீன் கழிவு, நம்ம சாக்கடை எல்லாத்தையும் பாக்டீரியா தின்னுது, தின்னா மூச்சு விட்டாகணும், ஆனா நம்ம ஊர் சூட்டுல கடல் தண்ணில கரைஞ்சிருக்குற ஆக்சிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராம் கிட்டதான், அது களிச்சேத்துக்குள்ள சில மில்லிமீட்டர் எறங்குறதுக்குள்ள தீந்து போயிடும். அந்த சில மில்லிமீட்டர்தான் நீங்க மேல பாக்குற பழுப்பு. அது இரும்புத் துருவோட நெறம்.

அதுக்குக் கீழ ஆக்சிஜன் சுத்தமா கெடையாது, ஆனா பாக்டீரியாவுக்கு பசி நிக்காதே, அதனால நைட்ரேட்டை எடுத்து மூச்சு விடும், அது தீந்தா மாங்கனீஸ் துரு, அப்புறம் இரும்புத் துரு, அதுவும் போச்சுன்னா சல்ஃபேட். கடல் தண்ணில சல்ஃபேட்டுக்கு பஞ்சமே இல்ல, லிட்டருக்கு 2.7 கிராம் இருக்கும். அதுல மூச்சு விட்டா வெளிய வர்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதான் உங்க முட்டை நாத்தம். அதே சல்ஃபைடு இரும்போட சேந்தா இரும்பு சல்ஃபைடு, அதான் கருப்பு. ஏரிச் சேத்துல சல்ஃபேட் கம்மிங்கிறதால அங்க மீத்தேன் குமிழி விடும், இவ்ளோ நாறாது.

அதனால கருப்பைப் பாத்து மட்டும் விஷம்னு முடிவு பண்ணிடாதீங்க. கம்பெனிக்காரங்களுக்கு நான் வக்காலத்து வாங்கறேன்னு நெனைக்காதீங்க, அடுத்த கேள்வியையும் படிங்க.

சிப்காட் பக்கத்து கிராமத்துலேந்து ஒரு தம்பி: ஒவ்வொரு வாட்டியும் ஆத்துத் தண்ணிய எடுத்து டெஸ்ட் பண்ணி காப்பர், ஜிங்க், லெட் எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னு சொல்றாங்க. நாங்க நம்புறதா வேணாமா சார்?

ரிப்போர்ட் பொய்னு நான் சொல்லல தம்பி, ஆனா தப்பான எடத்துல தேடிட்டு லிமிட்டுக்குள்ள இருக்குன்னா என்ன பிரயோஜனம்? ஆத்துல கரைஞ்சு வர்ற இரும்பு உப்புத் தண்ணிய தொட்ட ஒடனே திரிஞ்சு திரிஞ்சு கட்டியாகி அடியில படியும், பல முகத்துவாரங்கள்ல அளந்து பாத்ததுல கரைஞ்ச இரும்புல 90 சதவீதத்துக்கு மேல கடலுக்குப் போகாம அங்கயே விழுந்துடுது. அது விழும்போது செம்பு, காரீயம், துத்தநாகம் எல்லாத்தையும் ஒட்டிக்கிட்டு விழும். அதனால தண்ணிங்கிறது இன்னிக்கு காலைல என்ன ஓடுச்சுங்கறத மட்டும் சொல்லும். பத்து இருபது வருஷமா என்ன ஓடுச்சுன்னு தெரியணும்னா சேத்தைத்தான் கேக்கணும்.

சேத்துல குழாய எறக்கி எடுத்து துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டும் எந்த வருஷத்துதுன்னு கூட கண்டுபுடிக்கலாம். காரீயம்-210னு இயற்கையாவே ஒரு கதிரியக்க காரீயம் வானத்துலேந்து விழுந்துட்டே இருக்கு, 22 வருஷத்துல பாதியாயிடும், அதை வச்சு கணக்கு போடுவாங்க. நம்ம நாட்டுல காரீயம் கலந்த பெட்ரோல் 2000த்துல நின்னுச்சு, பல ஊர் சேத்துல அது மாதிரி மாத்தத்தையெல்லாம் அடுக்கடுக்கா படிக்க முடியும். பரங்கிப்பேட்டையில அண்ணாமலை பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையம் இருக்குறதால உப்பனாறு, வெள்ளாறு சேத்தையெல்லாம் பல வருஷமா தோண்டி தோண்டி பாத்துட்டுதான் இருக்காங்க. உங்க ஊர்ல கேக்க வேண்டியது தண்ணி ரிப்போர்ட் மட்டும் இல்ல, சேத்து ரிப்போர்ட்டும் குடுங்கன்னு கேளுங்க.

கெடச்ச பெறவு ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, மணலும் களியும் கலந்து அளந்தா நம்பர் ஏமாத்தும், ஏன்னா உலோகம் ஒட்டுறது பொடிக் களில, 63 மைக்ரானுக்குக் கீழ சலிச்சு அளந்தாங்களா, இல்ல களில எப்பவுமே இருக்குற அலுமினியத்தோட ஒப்பிட்டு சரி பண்ணாங்களான்னு பாக்கணும். மணல் எடத்துல போய் ஒரு கரண்டி அள்ளிட்டு "ரொம்ப கம்மி"ன்னு சொல்றது சுலபம். ரெண்டு, மொத்தம் எவ்ளோங்கிறது வேற, அதுல எவ்ளோ கழண்டு வரக்கூடியதுங்கிறது வேற. 1979ல டெஸ்ஸியேங்கிறவர் கூட ரெண்டு பேர் சேந்து ஒரு முறை கொண்டு வந்தாங்க, லேசான உப்பு, அப்புறம் கொஞ்சம் ஆசிட்னு படிப்படியா கழுவி எந்த உலோகம் எவ்ளோ இறுக்கமா ஒட்டியிருக்குன்னு பிரிப்பாங்க. மண்ணோட கல்லுக்குள்ளயே பொறந்த குரோமியத்தால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. துருவுல ஒட்டியிருக்குறது ஆக்சிஜன் போனா கழண்டுடும். சல்ஃபைடோட சேந்ததோ நேர் எதிர், ஆக்சிஜன் வராத வரைக்கும் கெட்டியா உள்ளயே கெடக்கும், யாராவது கெளறி காத்து பட்டாதான் வெளிய வரும். காட்மியம் இன்னும் ஒரு படி மேல, ஆத்து வண்டல்ல ஒட்டிட்டு வர்ற காட்மியம் கடலோட குளோரைடைப் பாத்தாலே களிமண்ண விட்டுட்டு அது கூட போயிடும். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு குணம், எல்லாத்தையும் "கன உலோகம்"னு ஒரே மூட்டையா கட்டிப் பேசுறது எனக்கு எப்பவுமே புடிக்காது.

புதுப்பாளையம் வாசகர்: சில்வர் பீச்சுல புயலுக்கு அப்புறம் கருப்பு கருப்பா பட்டை பட்டையா மணல் ஒதுங்குது. ஆயிலா?

ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. ஒட்டுச்சுன்னா மேக்னடைட், கூடவே இல்மனைட்டும் செவப்பா கார்னெட்டும் இருக்கும், எல்லாமே வெயிட்டான கனிம மணல், அலை லேசான வெள்ளை மணல அடிச்சுட்டுப் போயிட்டா இது மட்டும் தங்கும். கைல பிசுபிசுன்னு ஒட்டி நாறுச்சுன்னாதான் ஆயில்.

குருசுக்குப்பம், புதுச்சேரி வாசகர்: 2023 அக்டோபர்ல நம்ம பீச் ரோட் பக்கம் கடல் செவப்பா மாறுச்சு, பாசின்னு சொன்னாங்க. மழைல சாக்கடையும் வயல் உரமும் வருதுன்னா புரியுது, ஆனா மழையே இல்லாத மாசத்துலயும் சில சமயம் தண்ணி பச்சையா ஆவுதே, அப்ப உரம் எங்கேந்து வருது?

அந்த ஒரு நாள் செவப்புக்கு இதுதான் காரணம்னு ஒரே பக்கமா கை காட்ட முடியாது சார், காத்து, நீரோட்டம், வெயில் எல்லாம் சேந்தாதான் பாசி அப்படி பொங்கும். 2019 ஆகஸ்ட்ல மெட்ராஸ் பீச்சுல ராத்திரி அலை நீலமா மின்னுச்சே அதுவும் அந்த வகைல ஒண்ணுதான், ஊரே போயி செல்ஃபி எடுத்துச்சு, அது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு யாரும் கேக்கல. ஆனா உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் இருக்கு, உரம் கீழேந்து வருது.

ஐப்பசி கார்த்திகை வெள்ளத்துல தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாம் கொண்டாந்து கொட்டுற வண்டல்லயும் சாக்கடைலயும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஏராளமா இருக்கு. கொஞ்சம் ஒடனே பாசிக்குப் போகுது, மிச்சம் கீழ படியுது. படிஞ்சத பாக்டீரியா தின்னு தின்னு அமோனியமாவும் பாஸ்பேட்டாவும் திருப்பி விடுது, சேத்துத் துகளுக்கு நடுவுல இருக்குற தண்ணிய பிழிஞ்சு அளந்தா மேல இருக்குற கடல் தண்ணிய விட பத்து மடங்கு, நூறு மடங்கு கூட இருக்கும். அவ்ளோ இருந்தும் ஏன் ஒடனே மேல வரலன்னா நடுவுல அந்த பழுப்புத் தோல் இருக்கு. அந்த இரும்புத் துரு ஒரு அடகுக்கடை. பாஸ்பேட்டை வாங்கி உள்ள வச்சுக்கும், ஆக்சிஜன் இருக்குற வரைக்கும் கடை நல்லா ஓடும். சித்திரை வைகாசில முகத்துவாரத்த மணல் மூடி, தண்ணி ஓட்டம் நின்னு, சூடேறி, ராத்திரில பாசியும் புழுவும் மீனும் இருக்குற ஆக்சிஜன இழுத்து முடிச்சுட்டா துரு கரைய ஆரம்பிக்கும், கடை திவாலாகி வச்சிருந்த பாஸ்பேட் மொத்தமும் தண்ணிக்கு வந்துடும். இத 1941-42லயே மார்ட்டிமர்ங்கிறவர் இங்கிலாந்து ஏரிகள்ல காட்டிட்டாரு. கடல்ல நெலம இன்னும் மோசம், ஏன்னா இங்க சல்ஃபைடு வந்து இரும்பையே புடிச்சு கருப்பாக்கி வச்சுக்குது, மறுபடி ஆக்சிஜன் வந்தாலும் பாஸ்பேட்டைப் புடிக்க போதுமான துரு திரும்பி வராது.

நைட்ரஜன் விஷயத்துல சேறு நமக்கு ஒரு பெரிய உபகாரம் பண்ணுது, அதையும் சொல்லணும். நைட்ரேட்ட மூச்சு விடுற பாக்டீரியா அத நைட்ரஜன் வாயுவா மாத்தி காத்துக்கே அனுப்பிடும், யாரும் கரண்டு பில்லு கட்டாம நடக்குற சுத்திகரிப்பு நெலையம். ஆனா அதுக்கு அமோனியம் முதல்ல நைட்ரேட்டா மாறணும், அதுக்கு சேத்து மேல்பக்கத்துல கொஞ்சமாவது ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் முழுசா போச்சுன்னா இந்த சேவையும் நின்னு அமோனியம் அப்படியே மேல வந்துடும். கடல் பாசிக்கு சராசரியா 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ்னு ஒரு கணக்கு இருக்கு, சேத்துலேந்து வர்றதுல பெரும்பாலும் நைட்ரஜன் பங்கு அத விட கொறச்சலாத்தான் இருக்கும், அதனால எந்த வகைப் பாசி வளரும்ங்கறதையே இந்த விகிதம் மாத்திப்புடும்.

அப்புறம் இந்தப் பாசி சாகும், கீழ விழும், அத தின்ன இன்னும் ஆக்சிஜன் செலவாகும், இன்னும் பாஸ்பேட் வரும். பால்டிக் கடல்ல இதான் நடக்குது, சுத்தி இருக்குற நாடுங்க கரையிலேந்து விடுற பாஸ்பரச நல்லாவே கொறச்சுட்டாங்க, அப்பவும் அடிச்சேறு பழைய கணக்க குடுத்துக்கிட்டே இருக்கு. இன்னிக்கு குழாய மூடினா நாளைக்கே கடல் தெளிஞ்சுடும்னு மேடையில சொல்றவங்கள நம்பாதீங்க, அதுக்காக குழாய மூட வேணாம்னும் சொல்லல, மூடினாதான் அந்தப் பழைய கணக்கு என்னிக்காவது தீரும்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: சேத்துக்குள்ள இருக்குறது மேல வர எவ்ளோ நேரம் ஆகும் சார்? நண்டுங்க ஓட்டை போட்டா சீக்கிரம் வருமா?

நல்லா கேட்டம்மா. தானா கரைசல்ல ஊர்ந்து போகணும்னா 1 சென்டிமீட்டர் தாண்ட அரை நாளுக்கு மேல ஆகும், 10 சென்டிமீட்டருக்கு ரெண்டு மாசம், 1 மீட்டர்னா 15 வருஷம் ஓடிடும். தூரம் பத்து மடங்கானா நேரம் நூறு மடங்காயிடும். அதனால ஆழத்துல பொதைஞ்சது ஏறக்குறைய பொதைஞ்சதுதான். ஆனா நண்டும் புழுவும் இந்தக் கணக்கையெல்லாம் மதிக்காது. வளை தோண்டி, உள்ள தண்ணிய இழுத்து வெளிய தள்ளி, ஒரு சாண் ஆழத்துல இருக்குறதக் கூட ஒரே நாள்ல மேல கொண்டாந்துடும். அதே வளை வழியா ஆக்சிஜனும் உள்ள போகும், வளைய சுத்தி பழுப்பா ஒரு வளையம் தெரியும் பாரு, அங்க துரு வந்து பாஸ்பேட்டையும் புடிச்சுக்கும். அலையாத்திச் செடி வேரும் இதே வேலைய பாக்குது, காத்த கீழ எடுத்துட்டுப் போயி வேரச் சுத்தி துருப் படலம் கட்டிக்கும், பிச்சாவரம் போனா வெண்கண்டல் பக்கத்துல குச்சி குச்சியா நிக்கிற மூச்சு வேரப் பாத்தாலே புரியும். மணல் தரையில கதை வேற, அலை அழுத்தத்துலயே தண்ணி மணலுக்குள்ள பூந்து பூந்து வெளிய வரும், அங்க எல்லாமே வேகம்.

எப்படி அளக்குறாங்கன்னும் கேட்டிருந்த. அடியில ஒரு மூடின டப்பாவ கவுத்து வச்சு உள்ள தண்ணில அமோனியம், பாஸ்பேட், ஆக்சிஜன் மணிக்கு மணி எப்படி மாறுதுன்னு பாக்குறது ஒரு வழி. நீ எழுதியிருந்த மாதிரி பெனிக் சேம்பர்னு இல்ல, பெந்திக் சேம்பர்னு எழுது, வைவால கேப்பாங்க. இன்னொண்ணு ஜெல் வச்ச பட்டைய சேத்துல சொருகி ஒரு நாள் விட்டு எடுக்குறது, டிஜிடின்னு பேரு, 1994ல டேவிசனும் ஜாங்கும் சேந்து கொண்டு வந்தது, கழண்டு வரக்கூடிய உலோகத்த மட்டும் அது புடிக்கும். முக்கியமா ஒண்ணு, சேத்த வெளிய எடுத்த ஒடனே காத்து படாம நைட்ரஜன் பைக்குள்ள வச்சு வேலை பாக்கணும், இல்லன்னா நீ அளக்குறதுக்குள்ள கரைஞ்ச இரும்பெல்லாம் துருவாயி பாஸ்பேட்டையும் முழுங்கிடும்.

தேங்காய்த்திட்டு வாசகர், விசைப்படகு வச்சிருக்கவர்: முகத்துவாரத்த தூர் வாருங்கன்னு நாங்க கத்துறோம், தூர் வாரினா சேத்துல இருக்குற விஷம் கலந்துடும்னு படிச்சவங்க சிலர் சொல்றாங்க. படகு தரை தட்டி கவுந்தா அவங்களா வந்து தூக்குவாங்க?

அண்ணே, ஒங்க கோவம் நியாயம். ஆனா ரெண்டு எடத்தப் போட்டுக் கொழப்பாதீங்க. முகத்துவாரத்த அடைக்கிறது பெரும்பாலும் கடலோரமா வடக்கால ஓடுற மணல், ஹார்பருக்கு அலைத்தடுப்புக் கல்லு போட்டதுலேந்து அது தெக்கால சேந்து நிக்கிது, வடக்கால பாண்டி பீச்சு அரிச்சுப் போன கதைதான் ஒங்களுக்கே தெரியுமே. அந்த மணல்ல ஒட்டுற உலோகம் ரொம்ப கம்மி, வாரி எடுத்து வடக்குப் பக்கம் கரையில போட்டா ரெண்டு பேருக்கும் நல்லது. உள்ள படகு கட்டுற எடத்துல இருக்குற கருப்புச் சேறு வேற. டீசல், வேஸ்ட் ஆயில், படகு அடில அடிக்கிற செம்பு கலந்த பெயின்ட், துத்தநாகக் கட்டை, ஐஸ் தண்ணி, மீன் கழிவு எல்லாம் அங்கதான் எறங்குது.

அந்தச் சேத்த கெளறினா என்ன ஆவும்னா, கருப்பு சல்ஃபைடு தண்ணில இருக்குற ஆக்சிஜன கபக்னு இழுத்துக்கும், அமோனியம் வெளிய வரும், துத்தநாகம் காட்மியம் செம்பு கொஞ்சம் கழண்டு வரும். கூடவே கரைஞ்ச இரும்பு கொஞ்ச நேரத்துலயே புதுத் துருவாயி வெளிய வந்ததுல ஒரு பங்கத் திரும்ப புடிச்சுட்டு கீழ எறங்கும். அதனால ஓட்டம் இருக்குற எடத்துல இது பெரும்பாலும் சில மணி நேரம், சில நாள் கூத்து. தண்ணி தேங்குற கோடைல அடச்ச பேசின்ல பண்ணா மீன் மெதக்கும். என்ன கேட்டா வாரணும், ஆனா ஓட்டம் உள்ள நாள்ல வாரணும், சேத்த முன்னாடியே டெஸ்ட் பண்ணணும், எல்லாத்துக்கும் மேல வாரினத எங்க போடறாங்கன்னு பாக்கணும். பல எடத்துல நடக்குற தப்பு அங்கதான். சேத்த கரையில கொட்டி காயவிட்டா சல்ஃபைடு காத்து பட்டு கந்தக அமிலமா மாறும், அடுத்த மழைல அந்த அமிலம் உலோகத்தையும் கரைச்சுட்டு திரும்ப ஆத்துக்கே வரும்.

ஜப்பான் மினமாட்டா கேள்விப்பட்டிருப்பீங்க. 1932லேந்து 1968 வரைக்கும் ஒரு ஆலை பாதரசத்த விரிகுடால விட்டுச்சு, ஆலையோட கழிவுலயே மெத்தில் பாதரசம், அதாவது மீன் வழியா மனுஷன் உடம்புல ஏறி நரம்பக் கெடுக்குற பாதரசம், இருந்துச்சு, அதுபோக சல்ஃபேட்ல மூச்சு விடுற அதே சேத்து பாக்டீரியாங்க சாதா பாதரசத்தையும் மெத்தில் பாதரசமா மாத்தக் கூடியதுங்க. அப்ப சேத்த அப்படியே விடவும் முடியாது, கண்டபடி கெளறவும் முடியாது. 1977லேந்து 1990 வரைக்கும் ஆச்சு, 15 லட்சம் கன மீட்டர் சேத்த உறிஞ்சி கரையோரமா தடுப்பு கட்டி உள்ள போட்டு மூடி 58 ஹெக்டேர் நெலமா ஆக்கினாங்க. கொட்டுறதுக்கு ஒரு குழாய் போதும், எடுக்கறதுக்கு 13 வருஷம்.

புதுச்சத்திரம் பக்கம் இறால் பண்ணை வச்சிருக்கவர்: அறுவடை முடிஞ்சு குளத்த காயப்போடச் சொல்றாங்களே, வெயில் பட்டா போதுமா?

நீங்க குளத்துல பாக்குறதும் இதே கதைதான், தீவனமும் எச்சமும் அடில சேந்து கருப்பாவுது, சல்ஃபைடும் அமோனியாவும் வந்து இறால் கரை ஓரமா ஒதுங்குது. காயவிட்டு வெடிப்பு விட்டு உழுது போட்டா காத்து உள்ள போயி கருப்பு பழுப்பாகும், அதான் கணக்கு. ஆனா ஒங்க பக்கம் பழைய அலையாத்தி மண்ணுல வெட்டின குளம்னா பைரைட்னு ஒரு இரும்பு சல்ஃபைடு கனிமம் இருக்கும், காய காய அமிலம் கூடும். ஆழமா உழாதீங்க, காஞ்ச மண்ணோட பிஎச் பாத்துட்டு அதுக்கேத்தாப்ல சுண்ணாம்பு போடுங்க. அடிச் சேத்த வழிச்சு பக்கத்து வாய்க்கால்ல தள்றத மட்டும் தயவுசெஞ்சு நிறுத்துங்க, அடுத்த போகத்துக்கு தண்ணி எடுக்குறதும் அதே வாய்க்கால்லதானே.

வைத்திக்குப்பம் வாசகி: இதெல்லாம் படிச்சா நண்டே சாப்புட பயமா இருக்கு. நல்லா கழுவி வேக வச்சா போயிடாதா?

போகாதும்மா, உலோகம் வேகாது, ஆவியாகாது, மஞ்சள் தூள் போட்டாலும் போகாது. ஆனா பயந்துட்டு மீனையே விடவும் வேணாம். நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீனுக்கு சீக்கிரம் வயசு முடிஞ்சுடும், அதுங்க கிட்ட பாதரசம் சேர நேரமே இல்ல. பெரிய சுறா, மயில் கோலா மாதிரி மத்த மீன தின்னு வளர்றதுலதான் மெத்தில் பாதரசம் ஏறும், மாசமா இருக்குற பொண்ணுங்களும் சின்ன கொழந்தைங்களும் அத தவிர்க்கறது நல்லது. ஆளின்னு சொல்ற சிப்பி, மட்டி ரெண்டும் நின்ன எடத்துலயே தண்ணிய வடிகட்டி தின்னுறதால பக்கத்துல என்ன இருக்கோ அதையே சேத்துக்கும், ஆளி செம்பையும் துத்தநாகத்தையும் அள்ளி அள்ளி வச்சுக்கும். உலகம் முழுக்க கடல் மாசு அளக்க ஆளியையும் மட்டியையும்தான் எடுத்து டெஸ்ட் பண்றாங்க, காரணம் அதான். நண்டுல சதை பரவால்ல, ஓட்டுக்குள்ள இருக்குற மஞ்சள்லதான் காட்மியம் தங்கும், அது புடிக்கும்னா எப்பவாவது சாப்புடுங்க, வாரா வாரம் வேணாம். ஹார்பர் உள்ள கல்லுல ஒட்டியிருக்குற ஆளிய பசங்க பேத்துட்டு வந்தா கொழம்பு வைக்காதீங்க.